ஊசிக்குள் இருக்கிற காளை எது? கணக்கைக் காட்டுங்கள்!



மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது. போன் போடுகிறோம். சினை ஊசி போடுகிறவர் வண்டியில் வருகிறார். நைட்ரஜன் குடுவையைத் திறந்து மெல்லிசாக ஒரு குழாயை எடுக்கிறார், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுக்கிறார், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. "என்ன காளைப்பா?" என்று கேட்டால் "ஜெர்சிதாங்கண்ணா" என்பார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் மேலே இருப்பவர்கள் கொடுத்தனுப்பிய தகவலே அவ்வளவுதான்.

ஆனால் ஜெர்சி என்பது இனத்தின் பெயர். காளையின் தரம் அதில் தெரியாது. ஒரே தெருவில் ஒரே ஜாதி நெல் போட்டாலும் விதை வாங்கிய இடத்தைப் பொறுத்து விளைச்சல் மாறுகிறதே, அதுபோல ஒரே ஜெர்சி இனத்தில் மகளுக்குப் பாலைக் கூட்டிக் கொடுக்கிற காளையும் உண்டு, குறைத்துவிடுகிற காளையும் உண்டு. அந்தக் குழாயில் இருப்பது கால் மில்லி விந்து. அதை நம்பி நாம் போடுகிற முதலீடு எவ்வளவு தெரியுமா? ஒன்பது மாதம் சினை. பிறந்த கிடேரி வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினை பிடித்துக் கன்று ஈன இன்னும் இரண்டரை, மூன்று வருஷம். ஏறக்குறைய நாலு வருஷம் தவிடும் புண்ணாக்கும் போட்ட பிறகுதான் செம்பில் எத்தனை லிட்டர் விழுகிறது என்பதே தெரியும்!

விதை கெட்டால் ஒரு போகம் போச்சு. காளை கெட்டால் ஒரு தலைமுறை மாடு போச்சு. 1966ஆம் வருஷத்து விதைச் சட்டம் விதைப் பையின் மேல் முளைப்புத்திறன் இத்தனை சதவீதம் என்று அச்சடிக்கச் சொல்கிறது. மாட்டுக்குப் போடும் விதைக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு சீட்டு நம் கைக்கு வருவதில்லை? இந்தக் கேள்வியைத்தான் இந்த முறை சங்கம் எழுப்புகிறது.

நம்ம பகுதிக்கு இது ஏன் முக்கியம் என்று புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்று ஓரத்துக் கிணறுகள் தோல் கழிவால் என்ன ஆயின என்பது ஊருக்கே தெரியும். 1996ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் நஷ்ட ஈட்டைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷம்! அந்த இருபத்தெட்டு வருஷத்தில் நெல்லையும் கரும்பையும் விட்டவர்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது இரண்டு மாடும் சொசைட்டிப் பால் பணமும்தான். அந்த இரண்டு மாட்டுக்குத் தகப்பன் யார் என்று கேட்பது சின்ன விஷயமா?

சரி, காளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? காளை பால் கறக்காது. அதன் அம்மா எத்தனை லிட்டர் கறந்தாள் என்று பார்ப்பது பழைய வழி. அதுவும் பாதிக் கணக்குதான், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? அதைவிட நல்ல வழி, மகள்களைப் பார்ப்பது. ஒரு காளையின் விந்தைப் பல ஊர்களில் போட்டு, பிறந்த கிடேரிகள் ஈன்ற பிறகு, மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்பைப் பார்த்து எழுதிக்கொண்டே வருவார்கள். நூறு மகள்கள் நன்றாகக் கறந்தால் தகப்பன் நல்ல காளை. பக்கத்துக் கேரளாவில் 1963ல் மாட்டுப்பட்டியில் சுவிஸ் நாட்டு உதவியோடு தொடங்கிய திட்டம் இப்படித்தான் வேர்விட்டது. அங்கே விவசாயி வீட்டுத் தொழுவத்திலேயே பாலை அளந்து, அந்தக் கணக்கில் காளை பொறுக்கினார்கள். சுனந்தினி மாடு அப்படி வந்ததுதான். இந்த வழியில் ஒரே குறை, காலம். மகள்கள் கறந்து முடிப்பதற்குள் காளைக்கு ஐந்தாறு வயசு ஆகிவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்ததுதான் மரபணுக் கணிப்பு. கன்றுக்குட்டியாக இருக்கும்போதே கொஞ்சம் ரத்தமோ முடியின் வேரோ எடுத்து, சிப் என்கிற சில்லில் வைத்து, அதன் மரபணுவில் பல ஆயிரம் இடங்களைப் படிக்கிறார்கள். ஏற்கெனவே பால் அளந்த ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுவோடு ஒப்பிட்டு, இந்தக் கன்று வளர்ந்து காளையானால் அதன் மகள்கள் சராசரியைவிட இத்தனை லிட்டர் கூடவோ குறையவோ கறப்பார்கள் என்று சொல்கிறார்கள். 2001ல் விஞ்ஞானிகள் எழுதி வைத்த இந்த வழியை 2009ல் அமெரிக்கா கறவை மாடுகளுக்கு அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் தேசிய பால்வள வாரியம் நம் மாடுகளுக்கென்றே இண்டஸ்சிப் என்று ஒரு சில்லை உருவாக்கியது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிராவில் வாஷிம் என்ற ஊரில் பிரதமர், மாட்டுக்கு கௌ சிப், எருமைக்கு மகிஷ் சிப் என்று வெளியிட்டார்.

விஞ்ஞானத்துக்கு நாம் எதிரி இல்லை. வரட்டும். ஆனால் சில்லு மட்டும் வந்தால் போதுமா?

காசியில் கணித்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஆம்பூரில் சூரிய உதயம் பார்த்தால் நேரம் சரியாக வருமா? மரபணுக் கணிப்பும் அப்படித்தான். எந்த மாடுகளின் பாலை அளந்து கணக்குப் போட்டார்களோ, அந்த மாதிரி மாடுகளுக்குத்தான் அது பலிக்கும். அமெரிக்காவில் பால் விஷயத்தில் இளங்காளைக் கணிப்பின் நம்பகம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டியது என்றால், அங்கே பல லட்சம் மாடுகளுக்கு மரபணுவும் இருக்கிறது, பால் கணக்கும் இருக்கிறது. குளிர்ந்த கொட்டகையில் கலப்புத் தீவனம் தின்கிற மாட்டின் கணக்கு, சித்திரை வெயிலில் சோளத்தட்டையும் வைக்கோலும் தின்று, உப்புக் கரிக்கிற தண்ணீரைக் குடிக்கிற குடியாத்தத்து மாட்டுக்கு அப்படியே பொருந்துமா? நம்ம மாடுகளின் பாலை அளந்தவர் யார்?

"சொசைட்டியில்தான் தினமும் இரண்டு வேளை அளக்கிறார்களே" என்பீர்கள். அளக்கிறார்கள். ஆனால் அது உறுப்பினர் கணக்கு. மூன்று மாட்டுப் பாலும் ஒரே கேனில் ஊற்றிப் போகிறது. எந்த மாடு எட்டு லிட்டர், எது நாலு லிட்டர், எதன் பாலில் கொழுப்பு என்று அந்த நோட்டில் இருக்காது. இத்தனை வருஷமாக இத்தனை ஆயிரம் நோட்டு எழுதியும் காளை பொறுக்க ஒரு பக்கம் உதவாது. இதைச் சரிசெய்யப் பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஒரு படித்த பெண்ணுக்கு மாதச் சம்பளம், ஒரு அளவுக் குவளை, கொழுப்புப் பார்க்கச் சின்னக் குப்பிகள் போதும். மாட்டின் காதில்தான் ஏற்கெனவே 12 இலக்கக் காதுவில்லையைக் குத்திவிட்டார்களே! அந்த எண்ணுக்கு நேரே பாலை எழுத வேண்டியதுதான் பாக்கி. காதைக் குத்திய அரசாங்கம் கணக்கை எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணிப்பை நம்பகத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு காளையின் இனவிருத்தி மதிப்பு 600 லிட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிதான் மகளுக்கு இறங்கும். ஈத்துக்கு 300 லிட்டர். 2023 டிசம்பரில் ஆவின் உயர்த்திய 38 ரூபாய் விலையில் பார்த்தால் 11,400 ரூபாய். ஐந்து ஈத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், தீவனச் செலவைக் கழித்துவிட்டே பாருங்கள், சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த 600க்குப் பின்னால் நம்பகம் முப்பதா, எழுபதா? முப்பது என்றால் ஒரே காளையை நம்பி ஊர் முழுக்க ஊசி போடக் கூடாது, நாலைந்து காளைகளாகப் பிரித்துப் போட வேண்டும்.

வெளிநாட்டு விந்து விற்கிற வியாபாரிகள் பளபளப்பான புத்தகம் காட்டுகிறார்கள், ஆயிரம் கூடுதல், ஆயிரத்தைந்நூறு கூடுதல் என்று. அமெரிக்கக் கணக்கு பவுண்டில் இருக்கும். மகளுக்கு இறங்குகிற பாதியைத்தான் அங்கே போடுவார்கள், அதுவும் அந்த ஊர்ச் சராசரிக்கு மேலே. நம்ம ஊர்க் கணக்கோடு அதை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது, படியையும் கிலோவையும் ஒன்றென்று சொல்வது மாதிரி. பால் ஒன்றையே துரத்திய நாடுகளில் மாடு சினை பிடிக்காமல் போன கதையும் உண்டு. திரும்பத் திரும்ப ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை வைத்துக்கொண்டு அவதிப்படும் நமக்கு, மகள் சீக்கிரம் சினை பிடிப்பாளா, வெயில் தாங்குவாளா, கொழுப்பு எவ்வளவு என்பதும் லிட்டரைப் போலவே முக்கியம். பால் பணமே கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தானே வருகிறது!

ஊட்டியில் பாலினம் பிரித்த விந்து தயாராகிறது, பத்துக்கு ஒன்பது கிடேரியாகவே பிறக்கும் என்கிறார்கள். நல்லது. ஆனால் காளை மட்டமாக இருந்தால் மட்டமான கிடேரியும் பத்துக்கு ஒன்பது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இப்போது யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று, காளைக்கன்று. கறிக்கென்றே மாடு வளர்க்கும் நாடுகளில் கன்றின் பிறப்பு எடை, பால்குடி மறந்தபோது எடை, ஒரு வயசில் எடை, தாய் சுலபமாக ஈன்றதா என்று ஒவ்வொன்றுக்கும் காளைவாரியாகக் கணிப்பு எண் உண்டு. பிரேசிலில் கோடிக்கணக்கில் மேய்கிற நெலோர் மாடு எங்கிருந்து போனது தெரியுமா? திருப்பதியைத் தாண்டினால் வருகிற நம்ம நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து! 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1960கள் வரை கப்பலேறிப் போன ஓங்கோல் காளைகளின் வாரிசுகள். அவற்றை அங்கே நிறுத்தும் அளந்தும் பொறுக்கினார்கள், இப்போது மரபணுவையும் படிக்கிறார்கள். 2023ல் வியாட்டினா என்கிற ஒரு நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு ஏலம் போனபோது, முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கானது. ஓங்கோல் காளையை வளர்த்துக் கொடுத்த ஆந்திர விவசாயியின் பேரனுக்கு அதில் ஒரு பைசா உண்டா?

நம்ம ஊரில் கறிக்கென்று யாரும் மாட்டைப் பெருக்கவில்லை. பெருக்க வேண்டும் என்று சங்கமும் சொல்லவில்லை. நமக்கு மேய்ச்சல் நிலமும் இல்லை. ஆனால் தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, காளைக்கன்று எங்கே போகிறது என்று தெரியாத மாதிரி நடிப்பானேன்? செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற வியாபாரி, கன்றின் எடையையும் தோலையும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார். விற்கிறவருக்குத்தான் இரண்டும் தெரியாது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வெளிநாட்டு வெட் புளூ தோலுக்குச் சுங்க வரியை அடியோடு எடுத்துவிட்டார்கள், தொழிற்சாலைக்கு நல்லது என்று. மாடு வளர்க்கிறவனுக்கு? அவன் கன்றின் எடைக்கு எந்தக் காளைப் பட்டியலிலும் ஒரு கட்டம் இல்லை. பாலோடு கன்றின் வளர்ச்சியையும் அளந்து எழுதுங்கள் என்று கேட்பதில் வெட்கம் என்ன?

"விவசாயிக்கு இந்த எண்ணெல்லாம் புரியாது" என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள். கொழுப்பு 4.3க்குப் பதில் 4.1 என்று விழுந்தால் எத்தனை காசு குறையும் என்று வாசலிலேயே சொல்கிற நம்ம வீட்டு அம்மாக்களுக்கா புரியாது?

2019ல் தமிழ்நாடு அரசு மாட்டினப் பெருக்கத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஊரில் பொலிகாளை வைத்திருப்பவன் வரை ஒழுங்கு கேட்கிற அரசாங்கம், விந்து நிலையத்தில் நிற்கும் காளையின் கணக்கை நமக்குக் காட்டக் கடமைப்பட்டதில்லையா? ஒரு காளையிடமிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான குழாய்கள் போகின்றன. கோயில் காளை தப்பினால் ஒரு ஊர், இது தப்பினால் ஒரு மாவட்டம்!

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட ஆட்சியர்களின் குறைதீர்க்கும் நாளிலும் நாம் கேட்கப்போவது இது: ஊசிக்கு ரசீது வேண்டும், ரசீதில் காளை எண், பால், கொழுப்பு மதிப்பு, நம்பகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்தகத்திலும் காளைப் பட்டியலைத் தமிழில் ஒட்ட வேண்டும். கணிப்புக்கு அடிப்படையான பால் அளவையை நம் மூன்று மாவட்டத்து மாடுகளிலும் எடுக்க வேண்டும், அளந்த கணக்கின் நகல் மாட்டுக்காரருக்கு வர வேண்டும். பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டு வாருங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊசி போட்டதும் காலிக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் பொடி எழுத்தில் காளை எண்ணும் நிலையத்தின் குறியும் அச்சடித்திருக்கும். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். காதுவில்லை எண்ணுக்கு நேரே தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது அதே எண் ஊசி வந்தால் "வேண்டாம், வேற காளை எடுங்க" என்று திருப்பி அனுப்புங்கள். அப்பனையே மகளுக்குச் சேர்த்தால் கன்று நோஞ்சானாகும். நோட்டின் நகலை கிளைச் சங்கத்தில் கொடுத்தால், எந்தக் காளையின் மகள்கள் எந்த ஊரில் எப்படிக் கறக்கிறார்கள் என்று ஊர்வாரியாகத் தொகுத்துக் கூட்டத்துக்கு எடுத்துப் போவோம்.