காலையில் நொண்டும் பிள்ளை

காலையில் எழுந்ததும் பிள்ளை காலை ஊன்றமாட்டேன் என்று அழும். மலசலகூடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பத்து மணியானால் அதே பிள்ளை முற்றத்தில் ஓடி விளையாடும். பார்ப்பவர்கள் "பள்ளிக்கூடம் போகக் கள்ளம்" என்பார்கள். அக்குறணை போன்ற மலைநாட்டு ஊர்களில் "குளிர் பிடித்துவிட்டது" என்று எண்ணெய் தடவுவதும் உண்டு.

தாய்மாரே, இப்படியான நொண்டலைக் கள்ளமென்றோ குளிரென்றோ விட்டுவிடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும். 16 வயதுக்குமுன் தொடங்கி, 6 வாரங்களாவது நீடிக்கும் மூட்டழற்சிக்கு வேறு காரணம் காணப்படாவிட்டால் அதைச் சிறுவர் மூட்டுவாதம் என்பர். 1897இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் 22 பிள்ளைகளைப் பார்த்து இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்.

உடலுக்குள் நடப்பது என்ன? கிருமி புகுந்தால் வெண்குருதிக் கலங்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். சேதி கொண்டுசெல்பவை சைற்றோகைன் என்னும் சிறு புரதங்கள். கிருமி அழிந்ததும் சேதி நிற்கவேண்டும். இந்நோயில் அது நிற்பதில்லை. உடல் தன் மூட்டையே தாக்குகிறது. ரி.என்.எப். என்ற புரதம் மூட்டை வீங்கச் செய்யும். இன்ரலூக்கின்-6 காய்ச்சலை எழுப்பும். உடலிலுள்ள இரும்புச்சத்தைப் பயன்படாமல் முடக்கிவிடும். அதனால் கீரையும் நெத்தலியும் கொடுத்தும் பிள்ளை வெளிறிப்போகலாம், வளர்ச்சியும் குன்றலாம்.

இப்புரதங்களை அறிந்ததால் சிகிச்சையும் மாறியது. ரி.என்.எப்.பைத் தடுக்கும் எற்றனசெப்ற் 1999இல் அமெரிக்காவிலும், இன்ரலூக்கின்-6ஐத் தடுக்கும் ரொசிலிசுமாப் 2008இல் ஜப்பானிலும் இந்நோயுள்ள பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்பட்டன. இவை விலை கூடியவை, எல்லாருக்கும் தேவைப்படுவதுமில்லை. பலருக்கு மெதோட்ரெக்சேற் கொடுக்கப்படும். அது கிழமைக்கு ஒருநாள் மட்டுமே. தவறி நாளாந்தம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

சாதாரண கிளினிக்கில் சைற்றோகைனை அளப்பதில்லை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் செய்வர். அவை சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். வைத்தியர் மூட்டைத் தொட்டு, அசைத்துப் பார்ப்பதே முக்கியம். கண்ணையும் காட்டவேண்டும். சிவப்போ வலியோ இல்லாமலே உள்ளே அழற்சி ஏற்பட்டுப் பார்வை குறையக்கூடும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, வெறுந்தரையில் படுத்து, துணையை இழந்து பிள்ளை வளர்த்தவர்கள் நீங்கள். "நான் பட்ட பாடுதான் பிள்ளையைப் பிடித்ததோ" என்று சிலர் மனம் நோகிறார்கள். இந்நோய் தாயின் குறையால் வருவதல்ல. பிறவியிலேயே உள்ள உடல்வாகும் வேறு தூண்டல்களும் சேர்ந்தே இது தொடங்குகிறது.

காலை விறைப்போ மூட்டு வீக்கமோ தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அக்குறணைப் பக்கத்தவருக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாக வீங்கி அசைக்க முடியாமல் போனால் அன்றைக்கே கொண்டுபோங்கள். அது மூட்டில் கிருமி புகுந்ததாக இருக்கலாம்.

கிளினிக் நாளில் அன்றைய கூலி போகும் என்பது தெரியும். காலம் கடந்தால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். மற்றப் பிள்ளைகளை அயலில் ஒரு சகோதரியிடம் விட்டுவிட்டுப் போங்கள். அவளுக்கொரு நாள் வரும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.