கிளைப் பாதையின் கணக்கை எழுதுவது யார்?

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைக் கற்ற அங்கத்தினர்களுக்கு ரைபைசன் என்னும் பெயர் புதிதன்று. 1818-ஆம் ஆண்டில் பிறந்து 1888-ஆம் ஆண்டில் மறைந்த அந்த ஜெர்மானியப் பெரியார், கந்துவட்டியில் சிக்கி நொந்த குடியானவர்களுக்குக் கடன் சங்கம் கண்டவர். சென்னை மாகாண அரசாங்கம் நியமித்த பிரடெரிக் நிக்கல்சன் அச்சங்கங்களை ஆராய்ந்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வெளியான தமது அறிக்கையில், நம் கிராமங்களுக்கு அவ்வழியே உகந்தது என்று வற்புறுத்தினார். 1904-ஆம் ஆண்டில் பிறந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அதுவும் ஒரு வித்தாயிற்று. இவ்வளவும் நாம் அறிந்ததே. அதே ரைபைசன், ஊர்த்தலைவராக இருந்த காலத்தில், மேட்டுநிலக் கிராமங்களிலிருந்து ரைன் நதிக்கரைக்குச் செல்ல ஒரு சாலை அமைக்கப் பாடுபட்டார் என்பதையோ பலர் அறியார். கடன் கொடுத்து விளைவித்த பண்டம் சந்தைக்குப் போகாவிட்டால், கடனும் வீண், விளைவும் வீண் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சந்தைக்குச் செல்லும் வழி யாருடையது, அதன் கணக்கை எழுதுவோர் யார் என்னும் கேள்வியை நம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இதற்கு ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஒரு சிறு கிளை ரயில் பாதையின் கதை பெரிதும் துணை செய்யும். அதன் நீளம் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி.

எர்ம்ஸ் என்பது ஸ்வேபிய மேட்டுநிலத்திலிருந்து இறங்கி நெக்கார் நதியிற் கலக்கும் ஒரு சிற்றாறு. அதன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஊராஹ் என்னும் பழைய நகரம் உள்ளது, கீழே மெட்ஸிங்கன், இடையே நொய்ஹவுஸனும் டெட்டிங்கனும். ஊராஹ் நெசவாளர் ஊர். ஆளிச்செடியின் நாரிலிருந்து லினன் துணி நெய்வது அவ்வட்டாரத்தின் தொன்மையான தொழில். டெட்டிங்கன் செர்ரிப் பழத்திற்குப் பெயர் பெற்றது. மெட்ஸிங்கனில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அறுவடையைப் பிழிவதற்கென எழுந்த ஏழு பழைய ஆலைக் கட்டிடங்கள் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கின்றன. நெசவாளரும் பயிரிடுவோரும் அடுத்தடுத்து வாழும் பள்ளத்தாக்கு அது என்பதனால், நம் அங்கத்தினர்களுக்கு அதன் செய்தி அயலாகத் தோன்றாது.

அந்நெசவாளர்கள் பட்ட பாடும் நமக்குப் புதிதன்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், அரசரிடம் தனியுரிமை பெற்ற வணிகர் கம்பெனி ஒன்று ஊராஹில் இருந்தது. சுற்றுவட்டாரத்து லினன் துணியை வாங்கும் உரிமை அதனிடம் குவிந்திருந்தது. வாங்குபவன் ஒருவனாகவும் விற்பவர் பலராகவும் இருக்குமிடத்தில் விலையை நிர்ணயிப்பவன் யார் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தறியை உடையவன் நெசவாளன். வழியை உடையவனோ வணிகன்.

பின்னர் ரயில் யுகம் பிறந்தது. 1859-ஆம் ஆண்டில் வுர்ட்டம்பர்க் நாட்டு அரசாங்கத்தின் ரயில் பாதை மெட்ஸிங்கன் வழியாக ராய்ட்லிங்கனை எட்டிற்று. ஊராஹ் ஒதுங்கி நின்றது. அந்நாட்டில் ரயில் அமைப்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் காரியம். தனியார் அமைத்த பாதைகள் மிகச் சில. ஆயினும் பள்ளத்தாக்கின் ஊரார் அரசாங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. தனியார் கம்பெனி ஒன்று உருவாயிற்று. 1873-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மெட்ஸிங்கனுக்கும் ஊராஹிற்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. நிலக்கரியும் பஞ்சும் மேலே ஏறின. துணியும் பழமும் மரமும் கீழே இறங்கின.

இத்தகைய கிளைப் பாதைகள் எவ்வாறு நடந்தன என்பது சிக்கனத்தைப் போற்றும் சங்கத்தார் அறியத்தக்கது. 1878-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், முக்கியம் குறைந்த பாதைகளுக்கென்று தனி விதிகள் வகுக்கப்பட்டன. பெரிய பாதைக்கு வேண்டிய கனத்த தண்டவாளம் இவற்றிற்குத் தேவையில்லை. வளைவு கூர்மையாக இருக்கலாம். ஏற்றம் சற்று மிகலாம். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். சாலை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் கதவும் காவலாளும் வைக்காமல், வண்டி மணியடித்துக்கொண்டே மெல்லக் கடந்தது. பிரயாணிப் பெட்டிகளையும் சரக்குப் பெட்டிகளையும் ஒரே வண்டியில் கோத்தனர். நிலையத்திற் சரக்குப் பெட்டியைக் கழற்றி மாட்டும் வரை பிரயாணிகள் பொறுத்திருந்தனர். சிறு நிலையங்களில் முழுநேர அதிகாரியை அமர்த்தாமல், அருகிலுள்ள விடுதிக்காரரையோ கடைக்காரரையோ முகவராக வைத்துப் பயணச்சீட்டு விற்பதும் உண்டு. பல பாதைகளில், ஒரே நிலையத்தில் அமர்ந்த ஓர் அதிகாரி, வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தொலைபேசி மூலம் கேட்டறிந்து, பாதை முழுவதையும் நடத்தினார். பின்னாளில் கிராம நிலையங்களின் ஓரத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் கிடங்குகள் எழுந்தன. உரமும் விதையும் வந்திறங்கவும், தானியம் ஏறிச் செல்லவும் அவை வாயிலாயின.

1904-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எர்ம்ஸ் பாதை வுர்ட்டம்பர்க் அரசாங்க ரயில்வேக்கு உரிமையாயிற்று. 1920-ஆம் ஆண்டில் நாட்டு ரயில்வேக்கள் யாவும் ஜெர்மானியப் பேரரசு ரயில்வேயில் இணைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-ஆம் ஆண்டில், மேற்கு ஜெர்மனியின் கூட்டரசு ரயில்வே பிறந்தது. இம்மாற்றங்களால் நன்மை இல்லாமற் போகவில்லை. பெரிய நிர்வாகத்தின் வண்டிகளும் பணமும் சிறு பாதைக்குக் கிட்டின. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பள்ளத்தாக்கில் எழுதப்பட்ட பேரேடு முதலில் ஸ்டட்கார்ட்டிற்கும், பிறகு பெர்லினுக்கும், முடிவில் பிராங்க்பர்ட்டிற்கும் நகர்ந்துவிட்டது. அங்கே அமர்ந்தவர்க்கு ஊராஹ் என்பது ஆயிரம் வரிகளுள் ஒரு வரி.

1950-க்குப் பின் மோட்டார் வாகனங்கள் பெருகின. கூட்டரசு ரயில்வே கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டிக்குச் செலவு மிகுதி என்று கண்டு, பேருந்தைப் போன்ற எடை குறைந்த டீசல் ரயில் பெட்டிகளை 1950-ஆம் ஆண்டு முதற்கொண்டு வெளியிட்டது. கிளைப் பாதைகளை அழிவிலிருந்து காத்தவை என்ற புகழ் அவற்றிற்கு உண்டு. எனினும் பல இடங்களில் அக்காப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. எர்ம்ஸ் பாதையில் 1976-ஆம் ஆண்டு மே மாதத்துடன் பிரயாணி வண்டிகள் நின்றன. அவற்றிற்கு ஈடாகப் பேருந்துகள் ஓடின.

நஷ்டத்தில் நடந்ததை நிறுத்தியது தவறா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பொதுப்பணத்தை விரயம் செய்து காலி வண்டியை ஓட்டுவதை எந்தக் கூட்டுறவாளரும் ஆதரிக்கலாகாது. நாம் குறை காண்பது கணக்கு எழுதிய முறையில். ஊராஹில் ஏறி ஸ்டட்கார்ட் செல்லும் பிரயாணி கிளைப் பாதையில் பத்துக் கிலோமீட்டரும், பெரிய பாதையில் அதனைப்போற் பல மடங்கும் பயணம் செய்கிறார். அவர் செலுத்தும் கட்டணத்திற் பெரும் பங்கு பெரிய பாதையின் வரவாகிறது. அவரை அழைத்து வரும் செலவு மட்டும் கிளையின் தலையில் விழுகிறது. கிளையை வெட்டினால் அவர் மெட்ஸிங்கன் வரை பேருந்தில் வந்து, மாறி ஏறுவார் என்று எண்ணுவது ஏட்டுக் கணக்கு. சொந்தக் கார் வாங்கியவர் வீட்டு வாசலிலிருந்தே முழுவழியும் அதிலேயே போய்விடுவார். நாற்பது கிளைகளை வெட்டிய மரத்தில் நிழலும் இல்லை, பழமும் இல்லை. நாடாவுக்குச் செலவு மிகுதி என்று ஊடை நூலைக் கழித்துவிட்டுப் பாவை மட்டும் வைத்துத் துணி நெய்ய முயல்பவரை நாம் என்ன சொல்வோம்?

ஆயினும் பழி முழுவதையும் தூரத்து நிர்வாகத்தின் மேற் சுமத்துவது நேர்மையாகாது. பள்ளத்தாக்கு மக்களும் வண்டியைக் கைவிட்டனர். வண்டிகள் குறைந்ததால் பிரயாணிகள் குறைந்தனர். பிரயாணிகள் குறைந்ததால் வண்டிகள் மேலும் குறைந்தன. பாதை தங்களுடையது என்னும் எண்ணம் 1904-ஆம் ஆண்டிற்குப் பின் மெல்ல மங்கியதும் இதற்கு ஒரு காரணம் என்பது நமது கருத்து. பிறர் பொருளைக் காக்க எவர் முன்வருவர்?

அவ்வெண்ணம் மீண்டும் பிறந்ததுதான் இக்கதையின் சிறந்த பகுதி. 1990-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் பொதுமக்களும் உள்ளாட்சி மன்றங்களும் பங்கு சேர்த்து ஒரு நிறுவனத்தை அமைத்து, பாதையைத் தம் உடைமையாக்கிக்கொண்டனர். 1994-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரயில்வே நிர்வாகம் திருத்தி அமைக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டு முதல், உள்வட்டாரப் பிரயாணி வண்டிகளை நடத்தும் பொறுப்பும் அதற்குரிய பணமும் மத்திய அரசாங்கத்திடமிருந்து மாநிலங்களுக்கு மாறின. பேரேடு மறுபடியும் வண்டி ஓடும் இடத்தை நோக்கி நகர்ந்தது. பழுதான பாதை செப்பனிடப்பட்டு, 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று பிரயாணி வண்டி மீண்டும் ஊராஹ் சேர்ந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்த பாதை அது. அதே நாளில் ட்யூபிங்கனுக்கு அப்பால் ஹெரன்பர்க் செல்லும் மற்றொரு கிளைப் பாதையும் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் எர்ம்ஸ் பாதை மின்சார வண்டிக்கும் தகுதி பெற்றது.

இது ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் நேர்ந்த அதிசயம் அன்று. அருகிலேயே போப்லிங்கனிலிருந்து டெட்டன்ஹவுசன் செல்லும் ஷோன்புக் பாதையில் 1966-ஆம் ஆண்டில் பிரயாணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. இரு மாவட்டங்கள் கூடிப் பாதையை வாங்கி, 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்தன. நாள்தோறும் 2,500 பேர் வருவர் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். சில ஆண்டுகளுக்குள் அதனைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்டோர் ஏறலாயினர். பயனற்றது என்று முப்பது ஆண்டுகள் மூடி வைத்த பாதைக்கு இத்தனை பிரயாணிகள் எங்கிருந்து வந்தனர்? அவர்கள் அங்கேயேதான் வாழ்ந்திருந்தனர். அவர்களுக்கு ஏற்ற வண்டியும் நேரமும் முன்னர் இல்லை.

இதிலிருந்து நாம் மிகைப்பட முடிவு கட்டலாகாது. எர்ம்ஸ் பாதையை மீட்டது ஊரார் முயற்சி மட்டுமன்று. பொதுப்பணம் இல்லாவிட்டால் முயற்சி கருகியிருக்கும். ஊரார் கண்டது பங்கு நிறுவனம். ஆளுக்கொரு வாக்கு என்னும் நம் கூட்டுறவு முறை அதற்கு இல்லை. மக்கள் மிகச் சிலரே வாழும் இடத்தில் பேருந்தே தகுந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. மூடிய பாதை ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும் என்பது நமது வாதமும் அன்று. ஒரு சேவையின் பயனை அதைப் பயன்படுத்துவோர் அருகிருந்து கணக்கிட வேண்டும். தொலைவிலிருந்து ஒற்றை வரியைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது அநீதி. நாம் வற்புறுத்துவது அவ்வளவே.

நம் அங்கத்தினர்களுக்கு இதில் இரு கடமைகள் தெரிகின்றன. முதலாவது, நம் சங்கத்தின் சிறு கிளையோ, கிடங்கோ, நூல் விநியோக நிலையமோ நஷ்டம் என்று பேச்செழும்போது, ஐந்தொகையின் கடைசி வரியோடு நின்றுவிடாமல், அதன் வழியே வேறு எங்கெங்கு வரவு சேர்கிறது என்பதைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பது. இரண்டாவது, அதைவிடக் கடினமானது: நம்முடையது என்று சொல்லும் நிலையத்தை நாமே பயன்படுத்துவது. வெளி வியாபாரியிடம் காலணா மிச்சம் கிடைக்கிறதென்று சங்கத்தைச் சுற்றிப் போகிறவர், சங்கம் மூடப்படும் நாளில் கண்ணீர் வடிப்பதால் பயனில்லை. மூடிய கதவைத் திறக்க ஊராஹ் மக்களுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. திறந்திருக்கும் கதவைக் காப்பது அதைவிட எளிது. அதை இன்றே செய்யலாம்.