கட்டியவர் யார் என்று கேட்ட மாணவி



அண்மையில் எம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன் நின்று வழிகாட்டி அரைமணி நேரம் விளக்கினார். 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கென்றே எழுப்பப்பட்ட ஆலயங்களுள் மிகப் பழமையானது. வடிவமைத்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். எல்லாம் சரியான செய்திகளே. அப்போது என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, இதைக் கட்டினவங்க யாரு?” வழிகாட்டி, “தொழிலாளர்கள்” என்று கூறிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

அந்த ஒற்றைச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. கூலி பெற்று வேலை செய்பவனைத்தான் தொழிலாளி என்கிறோம். இத்தேவாலயத்திற்குச் செங்கல் சுமந்தவர்கள் கைதிகள். கிழக்கிந்தியக் கும்பினி இந்தியாவிலிருந்து கப்பலேற்றி இத்தீவுக்கு நாடு கடத்திய மனிதர்கள்.

அந்த வளாகத்தில் யார் யாருக்கு நினைவு இருக்கிறது என்று பாருங்கள். வாசலுக்கு எதிரே கிரேக்கப் பாணியில் தூண்கள் தாங்கிய நினைவு மண்டபம் ஒன்று நிற்கிறது. பிரான்சிஸ் லைட்டுக்காக 1886இல் எழுப்பியது. லைட் 1794இலேயே இறந்துவிட்டார். தேவாலயத்தின் ஒரு கல்லைக்கூட அவர் பார்த்ததில்லை. இங்கே முதன்முதலில் மணமுடித்த இணையரின் பெயர்கூட நமக்குத் தெரியும்: பிலிப்ஸ் என்னும் கும்பினி அதிகாரியும், ஆளுநர் பேனர்மேனின் மகள் ஜேனட்டும், நாள் 1818 ஜூன் 30. மறு ஆண்டு மே 11இல் கல்கத்தா ஆயர் மிடில்டன் வந்து அர்ச்சித்ததும் பதிவாகியிருக்கிறது. சாந்து பூசியவனின் பெயரை மட்டும் எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் கசப்பான செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் ஆயுள் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849இல்தான் அதை ஒழித்தார்கள். நெற்றியில் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சுவரில் எழுதத் தோன்றவில்லை.

கட்டடமோ ஒளிக்காமல் பேசுகிறது. முகப்பில் வரிசையாக நிற்கும் டோரிக் தூண்களையும் மேலே எழும் எண்கோணக் கூர்ங்கோபுரத்தையும் பார்த்தால், சென்னையில் 1815இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் உறவு விளங்கும். கூரையும் முதலில் சென்னை வீடுகளின் மொட்டைமாடி போலத் தட்டையாகவே இருந்தது. நம் ஊர் மழைக்கு அது எப்படித் தாங்கும்? 1864இல் இன்றைய சாய்கூரையாக மாற்றினார்கள். ஒரு வகுப்புக்குரிய பாடமே இந்தக் கூரையில் அடங்கியிருக்கிறது.

இதை ஆசிரியர் அறையில் பேசியபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. (கோயில் பிள்ளைகளைத் தேவாலயத்திற்கு ஏன் அழைத்துச் சென்றீர்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) முதலாவது: “குற்றவாளிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது நமக்குத்தானே இழுக்கு?” யாருடைய சட்டப்படி குற்றவாளி என்பதையும் கேட்க வேண்டாமா? 1802இல் பாளையக்காரர் கிளர்ச்சியில் பிடிபட்டோரைக் கும்பினி இதே தீவுக்குத்தான் அனுப்பியது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். தேவாலயம் முடிவுற்ற அதே 1818இல் பினாங்கில் அவரைக் கண்டதாகக் கும்பினிப் படை அதிகாரி வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். துரைசாமி இங்கே கல் சுமந்தார் என்று நான் கூறவில்லை. கொள்ளையரும் கொலைஞரும் வந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. அவர்கள் உழைப்பு அதனால் இல்லையென்று ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு இனிப்பானது. அதனால் இன்னும் ஆபத்தானது. “அப்படியானால் தமிழன் கட்டியது என்றே சொல்லிக் கொடுத்துவிடலாமே!” கூடாது ஐயா. கைதிகள் சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் வரவில்லை. வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் அபகரிப்பது வரலாறாகாது. நம் மேடைப்பேச்சுகளில் இந்த நோய் ஏற்கனவே முற்றிக் கிடக்கிறது.

சிங்கப்பூரில் 1862இல் அர்ச்சிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இந்தியக் கைதிகள் கட்டியதே. அங்கே கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் 1899இல் நூலே எழுதினார். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுச் சுவர் பூசிய பக்குவம்கூட அதில் இருக்கிறது. ஆகவே சான்றே இல்லை என்று நாம் கைகழுவ முடியாது. தேடிப் படிக்க மனமில்லை, அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் எனக்கும் இருக்கவில்லை.

2007இல் இத்தேவாலயம் நாட்டின் தேசிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அடுத்த முறை பயிற்சித்தாளில் “வடிவமைத்தவர் யார்?” என்ற வினாவுக்குக் கீழே என் மாணவியின் வினாவையும் அச்சிட்டுத் தருவேன். விடை எழுத நான்கு வரி இடம் விடப்போகிறேன். “தொழிலாளர்கள்” என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.