பழசும் பழுதும்

பழசு என்பது வேறு. பழுது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் இலாபம் காண்போர் சிலர். குழம்பிப் பொருள் இழப்போர் பலர். அந்தப் பலருள் நம்மவரே மிகுதி என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குர்லா நிலையத்தில் இறங்கிக் கலீனா வளாகத்துக்கு வரும் மாணவர் அனைவரும் சி. எஸ். டி. சாலையை அறிவர். அதன் ஓரத்துக் கடைகளில் பழைய கார்களின் கதவும் கண்ணாடியும் எஞ்சினும் தனித்தனியே பிரித்து அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். அங்கே ஒரு கியர் பெட்டியைக் கையில் எடுப்பவர் அதன் வயதைக் கேட்பதில்லை. பல் தேய்ந்ததா, தேயவில்லையா என்று திருப்பிப் பார்க்கிறார். தேயாதது மறுபடியும் ஓடுகிறது. தேய்ந்தது உலைக்குப் போகிறது. படிப்பு மிகுதியாக இல்லாத தொழிலாளரும் கைக்கொண்டுள்ள நேர்மையான சோதனை இது. படித்த நாம் கணிப்பொறி என்று வந்தவுடன் இந்தச் சோதனையை ஏன் மறந்துவிடுகிறோம்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ‘விண்டோஸ் 10’ என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்ததான ‘விண்டோஸ் 11’ எல்லாப் பொறிகளிலும் ஏறாது. டி. பி. எம். 2.0 என்னும் காப்பு உறுப்பு வேண்டும். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி வேண்டும். இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். இந்தச் சட்டதிட்டங்களைக் காட்டி, “உங்கள் கணிப்பொறி தகுதியற்றது” என்று திரையில் ஒரு வரி வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால், “பழசு, மாற்றிவிடுங்கள்” என்ற பதில் வருகிறது.

மாற்றுவதென்றால் என்ன? தாராவியிலும் குர்லாவிலும் செம்பூரிலும் ஒற்றை அறை வீட்டின் மூலையில் இருக்கும் மேசைக் கணிப்பொறி ஆடம்பரப் பொருளன்று. அண்ணன் அதில் படித்தான். தங்கை அதில் படிக்கிறாள். தேர்வு விண்ணப்பமும் வேலை விண்ணப்பமும் அதிலிருந்தே போகின்றன. அதை மாற்றுவது என்பது அக்குடும்பத்துக்குக் கடன் வாங்குவது என்று பொருள்படும். ஆகவே, மாற்று என்று சொல்லுமுன் அது பழசா, பழுதா என்று பார்ப்பது கடமையாகும்.

இங்கேதான் நிலைப்பொருள் என்பதைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கடைக்காரர் மொழியில் இதற்குப் பெயர் பயாஸ். மின்விசையை அழுத்திய நொடியில், வன்தட்டு விழிக்குமுன், விண்டோஸ் விழிக்குமுன், தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லு முதலில் பேசுகிறது. நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, தட்டு எங்கே என்று தேடி, ஒவ்வொன்றையும் எழுப்பி, பொறுப்பை இயக்க முறைமையிடம் ஒப்படைக்கிறது. அச்சில்லில் எழுதப்பட்டுள்ள கட்டளைத் தொகுப்பே நிலைப்பொருள். நிலைப்பொருள் என்று நாம் பெயர்த்துள்ள ஆங்கிலச் சொல்லை 1967இல் ஆக்கியவர் ஆஷர் ஆப்ளர் என்பார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பதே அவர் கருத்து. பயாஸ் என்ற பெயர் கேரி கில்டால் 1970களில் எழுதிய இயக்க முறைமையிலிருந்து வந்தது. 1981இல் ஐ. பி. எம். நிறுவனம் தன் கணிப்பொறியை விற்பனைக்கு விட்டபோது இந்தத் தொகுப்பு மாற்ற முடியாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. மாற்ற வேண்டுமாயின் சில்லையே பிடுங்க வேண்டும். 1990களில் அழித்தெழுதும் சில்லுகள் வந்தன. அன்று முதல் ஒரு தட்டோ, பின்னாளில் பென் டிரைவோ கொண்டு நிலைப்பொருளைப் புதுப்பிக்கும் உரிமை பயனாளரின் கைக்கு வந்தது.

கைக்கு வந்த உரிமையை நாம் பயன்படுத்துகிறோமா? பெரும்பாலோர் இல்லை. வாங்கிய நாளில் இருந்த நிலைப்பொருளே, பொறி குப்பைக்குப் போகும் நாள்வரை இருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். எட்டாம் தலைமுறைச் செயலி 2017இல் வந்தது. அது பூட்டிய தாய்ப்பலகைகளில் டி. பி. எம். வேலையைச் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் உள்ளமைந்தே இருக்கிறது. ஆனால் பல பலகைகளில் அது அணைத்து வைக்கப்பட்டே விற்கப்பட்டது. 2021இல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்ட பின்னர், பலகை செய்வோர் பலர் அதை இயல்பாகவே இயக்கிவைக்கும் புதிய நிலைப்பொருளை வெளியிட்டனர். எனவே, “தகுதியற்றது” என்று தள்ளப்படும் பொறிகளில் சிலவற்றுக்கு வேண்டியது ஒரு பதிப்பு. சிலவற்றுக்கு அதுகூட வேண்டா, ஒரு பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஒரு வரி மாற்றத்துக்காக ஒரு குடும்பம் கடன்பட வேண்டுமா?

எல்லாவற்றையும் நிலைப்பொருள் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2013இல் வந்த நான்காம் தலைமுறைச் செயலியை எந்தப் பதிப்பும் எட்டாம் தலைமுறை ஆக்காது. அத்தகைய பொறிக்கு லினக்ஸ் வழி உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிக்கின்றன; தமிழ்99 விசைப்பலகையும் லினக்சில் குறையின்றி இயங்குகிறது. அங்கும் நிலைப்பொருள் தேவைதான். 2018 சனவரியில் வெளியான செயலிக் குறைகள் இரண்டனுள் ஒன்றிற்கான திருத்தத்தின் ஒரு பகுதி நிலைப்பொருள் வழியாகவும் பழைய பொறிகளுக்கு வந்தது. இன்னொன்றும் உண்டு. பாதுகாப்பான தொடக்கத்துக்கு அடிப்படையான 2011ஆம் ஆண்டுச் சான்றுகளின் காலம் 2026 சூன் முதல் முடியத் தொடங்குவதாக மைக்ரோசாப்டே அறிவித்தது. 2023ஆம் ஆண்டுச் சான்றுகளை ஏற்க, சில பொறிகளுக்குப் புதிய நிலைப்பொருள் தேவைப்படும். ஆகவே இது பொழுதுபோக்குக்காரரின் விளையாட்டு என்று ஒதுக்குவதற்கில்லை.

“ஓடுகிற வண்டியை நிறுத்திப் பழுதுபார்ப்பானேன்? புதுப்பிக்கும்போது பொறி செத்துவிட்டால் யார் பொறுப்பு?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 1998இல் தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி. ஐ. எச். என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26ஆம் நாள் பல நாடுகளில் கணிப்பொறிகளின் தட்டை அழித்ததோடு, சிலவற்றில் நிலைப்பொருளையும் அழித்தது. அப்பொறிகள் விசையை அழுத்தியும் விழிக்கவில்லை. 2018 சனவரி 22ஆம் நாள், தான் தந்த திருத்தமே சில பொறிகளை அடிக்கடி தாமாக மறுதொடக்கம் செய்யவைத்ததால், அதைப் பரப்புவதை நிறுத்துமாறு இன்டெல் நிறுவனம் கேட்டுக்கொண்டது. மின்தடை இன்னொரு பகை. ‘பம்பாயில் மின்சாரம் போகாது’ என்று பெருமை பேசுவோர் 2020 அக்டோபர் 12ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். அன்று நகரம் முழுவதும் இரயில்கள் உட்பட நின்றன. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால் சில்லில் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். அப்படி நின்ற பொறி எழாது.

ஆனால், அபாயம் உண்டு என்பது அறிந்து செய் என்பதற்குக் காரணமாகுமேயன்றிச் செய்யாதே என்பதற்குக் காரணமாகாது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்குச் சொல்லும் முறையே இங்கும் பொருந்தும். நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று முதலில் ஆராய வேண்டும். நோயாளியின் நிலையையும் காலத்தையும் எண்ணிப் பின் கைவைக்க வேண்டும். காரணமின்றி, புதிது வந்தது என்பதற்காக மட்டும் புதுப்பிப்பது மூடத்தனம். காரணம் இருந்தும் அஞ்சிக் கைவிடுவதும் மூடத்தனமே.

அறிந்து செய்வது எப்படி? பலகையின் பெயரையும் அதன் திருத்த எண்ணையும் பலகையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் அது வேறு பலகை. செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே பதிப்பை எடுக்க வேண்டும். அதனுடன் தரப்பட்ட குறிப்பை முழுவதும் படிக்க வேண்டும். சில பலகைகளில் இடைப்பட்ட ஒரு பதிப்பை ஏற்றிய பின்னரே கடைசிப் பதிப்பை ஏற்ற முடியும். இப்போதைய அமைப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். புதுப்பித்ததும் அவை அழிந்துபோவது வழக்கம், தட்டை இயக்கும் முறை மாறினாலே விண்டோஸ் எழாமற்போகும். தட்டுக்கு மறைக்குறியீட்டுப் பூட்டு இருந்தால், அதை முன்னரே இடைநிறுத்தி, மீட்புக் குறியீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். யு. பி. எஸ். வழியாகவே மின்சாரம் தர வேண்டும். பழைய பலகையாயின் கடிகாரத்துக்கான மூன்று வோல்ட் நாணய மின்கலத்தையும் மாற்றிவிடுவது நலம். இவ்வளவும் செய்தும் பொறி எழாவிட்டால்? பல பலகைகளில் அந்த எட்டுக்கால் சில்லை வெளியிலிருந்து எழுதும் சிறு கருவி கொண்டு உயிர்ப்பிக்கலாம். லாமிங்டன் சாலை போன்ற இடங்களில் சில்லளவில் பழுதுபார்ப்போர் அறிந்த வேலைதான் அது.

இதுவரை சொன்னது நம் கடமை. இனி, செய்து விற்போரின் கடமையைக் கேட்போம். புதிய பலகை வந்ததும் பழைய பலகைக்குப் பதிப்புகள் நின்றுவிடுகின்றன. 2018 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் தன் பழைய செயலிகள் பலவற்றுக்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பொறி நம்முடையது, காசு கொடுத்தோம், ஆனால் அதை எழுப்பும் சொல் நம்முடையது அன்று! இது என்ன உடைமை? ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய ஒரு விதி, சேவையகக் கணிப்பொறிகளின் கடைசிப் பொறி சந்தைக்கு வந்த பின்னும் எட்டாண்டுகள் நிலைப்பொருள் கிடைக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புத் திருத்தத்தை இலவசமாகவே தர வேண்டும் என்கிறது. பெருநிறுவனத்தின் சேவையகத்துக்குக் கிடைக்கும் அந்த உரிமை, தாராவி மாணவியின் மேசைக் கணிப்பொறிக்கு ஏன் கூடாது? நம் ஒன்றிய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. மறுசுழற்சி இலக்கு 60 விழுக்காட்டில் தொடங்கி 2027-28இல் 80 விழுக்காடாகிறது. நல்லது. ஆனால் உடைத்து உருக்கியதை எடைபோட்டுக் கணக்குக் காட்டுவதைவிட, உடைக்காமல் வாழவைப்பது மேலன்றோ? நிலைப்பொருள் தர மறுப்பவர் அதன் மூலநிரலையேனும் வெளியிட வேண்டும். முடியாத காரியமன்று, 1999இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் தொடங்கி, 2008இல் கோர்பூட் எனப் பெயர் பெற்ற கட்டற்ற நிலைப்பொருள் இன்றும் பல பொறிகளை எழுப்புகிறது.

எறியப்படும் பொறி மறைந்துபோவதில்லை என்பதையும் மறவாதீர்கள். அது இதே நகரின் ஒரு சந்துக்குத்தான் போகிறது. முறைசாராத் தொழிலில் கம்பியின் உறையை எரிப்பதும் பலகையை அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு. அந்தப் புகையை உட்கொள்வது ஏழையின் நுரையீரல். ஒரு பொறியின் வாழ்நாளை நான்காண்டு நீட்டினால், அந்தப் புகையையும் நான்காண்டு தள்ளிப்போடுகிறோம்.

ஆகவே, நம் மாணவர் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முத்தமிழ் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நடத்துவோம். அவற்றோடு திங்களுக்கு ஒரு ஞாயிறு, பழுதுபார்க்கும் நாள் ஒன்றையும் நடத்துவோம். பொறியியல் படிக்கும் தோழர்கள் சிலர், இரண்டு யு. பி. எஸ்., சில பென் டிரைவுகள், சில்லெழுதும் கருவி ஒன்று, இவை போதும். குர்லாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் பொறியைத் தூக்கிவருவோர்க்கு, இது பழசா, பழுதா என்று உள்ளதை உள்ளபடி சொல்வோம். காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவோம். முடியாததை முடியாது என்று சொல்லி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்போம். செய்த முறையை எளிய தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு வழங்குவோம். அறிவியல் தமிழ் வளர வேண்டும் என்று மேடையில் முழங்கும் நமக்கு, அதை வளர்க்க இதைவிட நல்ல இடம் எது?

வயதைக் கண்டு எதையும் ஒதுக்காதீர்கள், தோழர்களே. திருப்பிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள்.