பதிப்புரிமைக் காவலும் இணைய உரிமையும்

நூல் செய்தானுக்கு அந்நூலின்கண் உரிமையுண்டு என்பதை மறுப்பார் எவருமிலர். இசை பாடினார்க்கும் படம் பிடித்தார்க்கும் அவர்தம் உழைப்பின் பயன் சென்று சேர்தல் வேண்டும் என்பதும் அங்ஙனமே. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா அஃதன்று. களவைத் தடுத்தற்பொருட்டு, இணையத்தின் வாயில்களையே அடைக்கும் அதிகாரத்தை ஓர் அரசு தன் கையிலும் வணிகர் கையிலும் வைத்துக்கொள்ளலாமோ என்பதே வினா. ஆகாது என்பது எம் கருத்து. இதனையே அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் 2012-ஆம் ஆண்டில் தம் சட்டசபையார்க்கு உரக்கக் கூறினர். அவர் கூறியவாற்றையும் அதன் காரணத்தையும் ஒருவாறு எழுதப் புகுகின்றோம். அந்நாளில் யாம் அரிச்சுவடி பயிலும் சிறாராயிருந்தமையின், கண்டார்போல எழுதாது கற்ற அளவே எழுதுகின்றோம்.

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், பாட்ரிக் லேஹி என்பார் செனட்டுச் சபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அதனைச் சுருக்கமாகப் ‘பிப்பா’ என்றனர். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 26-ஆம் நாள், லாமர் ஸ்மித் என்பார் பிரதிநிதிகள் சபையில் அதன் உடன்பிறப்பாகிய மற்றொன்றைக் கொணர்ந்தார். அதன் பெயர் ‘சோப்பா’. பெயரைக் கேட்குந்தோறும் நம்மனோர்க்குச் சவர்க்காரம் நினைவிற்கு வருமாயினும், பொருள் அத்துணை வழவழப்பானதன்று. இவ்விரண்டிற்கும் பின்னின்று ஊக்கியோர் திரைப்பட முதலாளிகளும் இசைத்தட்டு முதலாளிகளுமாவர். திரைப்பட முதலாளிகளின் சங்கத்திற்கு அப்போது தலைவராயிருந்தவர், முப்பதாண்டு செனட்டராக வீற்றிருந்து அவ்வாண்டுத் தொடக்கத்தில் விலகிய கிறிஸ்டபர் டாட் என்பவரே. சட்டஞ் செய்யும் மன்றத்திற்கும் சட்டம் வேண்டும் வணிகர்க்கும் இடையே எத்துணைக் குறுகிய தெரு இருந்தது என்பதை இதனாலும் உணரலாம்.

அதற்கு முன்னும் அந்நாட்டில் காவலில்லாமலில்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் ஆக்கம் களவாக இடப்பட்டிருத்தலைக் கண்ட உரிமையாளன் அத்தளத்தார்க்கு அறிவிப்பு விடுப்பான். அவர் அதனை உடனே அகற்றுவாராயின் அவர்மீது குற்றமில்லை. பிறர் இட்ட ஒவ்வொன்றையும் முன்னரே ஆராய்ந்துபார்க்கும் கடன் தளத்தார்க்கு விதிக்கப்படவில்லை. இவ்வொரு விதியின் நிழலிலேயே, எவரும் எழுதவும் எவரும் படம் இடவும் கூடிய தளங்களெல்லாம் வளர்ந்தன.

புதிய மசோதாக்கள் வெளிநாட்டுத் தளங்களை நோக்கி எழுந்தன. அரசாங்க வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஓர் ஆணை பெறின், இணையத்தொடர்பு வழங்குவோர் அத்தளத்தின் பெயரை மறைத்தல் வேண்டும். தேடுபொறிகள் அதன் சுட்டியை நீக்கல் வேண்டும். பணம் செலுத்தும் நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அதனோடு கொடுக்கல் வாங்கலை அறுத்துக்கொள்ளல் வேண்டும். சோப்பா இன்னும் ஒருபடி மேலே சென்றது. அது முதலிற் கொணரப்பட்டவாறே நிறைவேறியிருப்பின், உரிமையாளன் நீதிமன்றத்தை அணுகாமலே பண நிறுவனத்திற்கு ஒரு கடிதம் விடுத்து, ஐந்து நாளில் ஒரு தளத்தின் வருவாயை நிறுத்தியிருக்கக்கூடும். தளம் முழுவதும் களவாயிருத்தல்கூட வேண்டுவதன்று. ‘தளத்தின் ஒரு பகுதி’ போதும் என்பது அதன் வாசகம். ஓர் அறையில் களவுப்பொருள் கிடந்ததென்று தெருவையே பூட்டும் நீதியை இதற்குமுன் யாம் கேட்டதில்லை.

பெயரை மறைத்தல் என்றதைச் சிறிது விளக்குதல் நன்று. இணையத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் எண்ணாலாகிய முகவரி ஒன்றுண்டு. நாம் பெயரைத் தட்டுங்கால், அப்பெயர்க்குரிய எண் இன்னது என விடை கூறும் கணினிகள் உலகெங்கும் உள்ளன. மசோதா விரும்பியது, அக்கணினிகள் அறிந்தே விடையை மறைத்தல் வேண்டும் என்பது. வீடு இருந்தவாறே இருக்கும். தபாற்காரர் மட்டும் ‘அப்படியொரு வீடில்லை’ என்று சொல்லிச் செல்வார். எண்ணை அறிந்த கள்வன் நேரே உள்ளே போவான். அறியாத மாணவனே வாயிலில் நிற்பான். அன்றியும், அவ்விடைகள் மெய்யானவை என்று முத்திரையிட்டு உறுதிசெய்யும் ஏற்பாடொன்றைப் பொறியியலார் பல்லாண்டு முயன்று பரப்பிவந்த காலம் அது. பொய் விடையை விதியாக்கின் அம்முத்திரை என்னாவது? இணையத்தை ஆக்கியோருள் ஒருவராகிய விண்டு சர்ஃப் உள்ளிட்ட பொறியியலார் 83 பேர், அவ்வாண்டு டிசம்பரில் இதனையெல்லாம் எடுத்துரைத்துச் சட்டசபைக்குத் திறந்த மடல் விடுத்தனர். ஆயின் நவம்பர் 16-ஆம் நாள் பிரதிநிதிகள் சபைக் குழு சாட்சிகளை விசாரித்தபோது, மசோதாவை எதிர்த்துரைத்தற்கென அழைக்கப்பட்டவர் கூகிள் நிறுவனத்தின் சார்பில் வந்த ஒருவரே. கட்டிய கொத்தனைக் கேளாது சுவரை இடிக்கத் துணிந்தமை எமக்கு இன்றும் வியப்பே.

இவ்வதிகாரம் தவறாகப் பயன்படும் என்ற அச்சம் வெறுங்கற்பனையன்று. 2010-ஆம் ஆண்டு நவம்பரில், ‘தஜாஸ்ஒன்’ என்னும் இசைச்செய்தித் தளமொன்றின் பெயரை அமெரிக்க அரசாங்கத்தார் கைப்பற்றினர். இட்ட பாட்டுக்களை இசை நிறுவனத்தாரே விளம்பரத்தின்பொருட்டு அனுப்பினர் என்று தளத்தார் முறையிட்டனர். ஓராண்டுக்கு மேல் அத்தளம் மூடிக்கிடந்தது. பின்பு 2011-ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு குற்றமும் சாட்டாமலே திருப்பித் தந்தனர். ஓராண்டு வாய் கட்டுண்டிருந்தமைக்கு யார் ஈடுசெய்வர்?

ஆங்கில வரலாறு பயின்றார்க்கு இவையெல்லாம் பழங்கதையாகவே தோன்றும். 1643-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பார்லிமெண்டு, உரிமம் பெறாது எந்நூலும் அச்சிடலாகாது என ஆணையிட்டது. அவ்வாணைக்காக மன்றாடியோருள் தலையாயவர் இலண்டன் நூல் வணிகர் குழாத்தார். தம் பதிப்புக்களைப் பிறர் களவாக அச்சிடுகின்றனர் என்பதே அவர் முறையீடு. வணிகன் தன் சரக்கிற்குக் காவல் கேட்டான். அரசு அக்காவலோடு நாவிற்குப் பூட்டும் சேர்த்துச் செய்தது. மறு ஆண்டே மில்டன் ‘அரியோபாகிடிகா’ என்னும் உரையை எழுதினார். நூலாசிரியனுக்குரிய உரிமையை அவர் மறுத்திலர்; அவ்வுரிமையைப் போர்வையாகப் போர்த்திவந்த ஏகபோகத்தையே சாடினார். இரண்டையும் பிரித்துக்காணும் அக்கூரிய நோக்கு சோப்பாவைச் செய்தார்க்கு இல்லாமற் போயிற்று.

மக்கள் எழுந்தது 2012-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள். அன்று ஆங்கில விக்கிபீடியா இருபத்துநான்கு மணி நேரம் தன் பக்கங்களை இருளாக்கிற்று. கூகிள் தன் பெயரின்மேல் கருந்துணி போர்த்தது. வேறு பல்லாயிரம் தளங்கள் அவ்வாறே செய்தன. விக்கிபீடியாவின் கரும்பக்கத்தைக் கண்டோர் எண்ணிக்கை 16 கோடிக்கு மேல். தத்தம் தொகுதி உறுப்பினர் யாவர் என்று அதன் வாயிலாகத் தேடியோர் 80 இலட்சத்தின் மேற்பட்டோர். கூகிளின் விண்ணப்பத்தில் 70 இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். மறுநாளும் அதன் மறுநாளும் சபை உறுப்பினர் பலர் தம் ஆதரவை மீட்டுக்கொண்டனர். ஜனவரி 20-ஆம் நாள் செனட்டின் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஸ்மித்தும் தம் மசோதாவை நிறுத்திவைத்தார். அவை பின் எழவேயில்லை.

இது வணிகரோடு வணிகர் பொருத போரே, மக்கள் வெறும் காலாட்கள் என்பாருமுளர். கூகிளுக்குத் தன் வருவாயிற் கண்ணில்லை என்று யாமும் சொல்லோம். ஆயின் விக்கிபீடியா விளம்பரம் பெறுவதன்று. இருளாக்குதல் வேண்டுமோ வேண்டாவோ என்பதை அதில் ஊதியமின்றி எழுதுவோர் ஆயிரத்தெண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் கூடி வாதிட்டே முடிவுசெய்தனர். ஐரோப்பாவிலோ கூலிக்குக் கூவினார் என்று சொல்லவும் இடமில்லை. ‘ஆக்டா’ என்னும் அதனோடொத்த உடன்படிக்கையை எதிர்த்து, அவ்வாண்டு பிப்ரவரிக் கடுங்குளிரில் போலந்து முதலிய நாடுகளின் தெருக்களில் இளைஞர் திரண்டனர். ஜூலை 4-ஆம் நாள் ஐரோப்பியப் பார்லிமெண்டு அதனை 478-க்கு 39 என்னும் வாக்கால் தள்ளிற்று.

இனி, நம்மூர்ச் செய்தி. ‘3’ என்னும் தமிழ்ப்படம் 2012-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. அதன் ‘கொலவெறி’ப் பாட்டு உலகெங்கும் பரவியது இணையத்தாலேயே என்பதை யாவரும் அறிவர். (அப்பாட்டு முறைப்படி வெளியான நாளும், முற்கூறிய விசாரணை நடந்த நாளும் ஒன்றே என்பது ஒரு வேடிக்கை.) அப்படத்தைக் காத்தற்பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் ஆணை பெறப்பட்டது. எதிரியின் பெயர் தெரியாதவிடத்து நம் நீதிமன்றங்களில் இடும் பெயர் ‘அசோக்குமார்’. அப்பெயரில்லா ஆணையைக் காட்டி, இணையத்தொடர்பு வழங்குவோர் மே மாதத்தில் விமியோ, பேஸ்ட்பின் முதலிய தளங்களை முழுவதும் அடைத்தனர். தாம் எடுத்த குறும்படத்தை விமியோவில் வைத்தோரும் உடன் அடைபட்டனர். ஜூன் 22-ஆம் நாள் உயர்நீதிமன்றம், களவுப்படம் இருக்கும் குறித்த பக்க முகவரியை மட்டுமே அடைத்தல் வேண்டும், தளம் முழுவதையுமன்று எனத் தெளிவுபடுத்திற்று. அமெரிக்கர் மசோதாவிலேயே தடுத்த தீங்கினை நாம் பட்டறிந்த பின் திருத்திக்கொண்டோம்.

தமிழ் பயில்வார்க்கு இதில் தனிக் கவலையுண்டு. எம் பாடத்திற்கு வேண்டிய பழம்பதிப்புக்கள் சில நூலகத்தில் ஒரே படியாய், தொட்டால் உதிரும் நிலையில் உள்ளன. யாம் நாடுவது, 1998-ஆம் ஆண்டு தொடங்கித் தொண்டர் பலர் தம் கையால் தட்டச்சிட்டுவைத்த மதுரைத் திட்டம் போன்ற தொகுதிகளையே. அந்நூற்றுக்கணக்கான நூல்களுள் ஒன்றன்மீது யாரோ ஒருவர் வழக்காடுவாராயின், ‘தளத்தின் ஒரு பகுதி’ என்னும் விதி உள்ள நாட்டில் மற்றவை என்னாகும்?

எனினும் மறுபக்கத்தார் கூற்றையும் கேட்டல் முறை. எம் விடுதித் தோழரொருவரின் தமையனார் சென்னையில் படத்தொகுப்பு உதவியாளர். “உங்களுக்கு உரிமை, எங்கள் அண்ணனுக்கு அடுத்த மாதச் சம்பளம். வெளியான அன்றே படம் களவிற் கிடைத்தால் முதல் போடுகிறவர் மறுபடியும் முன்வருவாரா?” என்றார் அவர். குறித்த முகவரியை மட்டும் அடைக்கட்டும், இருபக்கத்தாரையும் நீதிமன்றம் கேட்கட்டும், களவால் காசு சேர்ப்பவனைப் பிடிக்கட்டும் என்று யாம் விடை கூறினோம். சோப்பாவை மக்கள் எதிர்த்த மறுநாளே, பழைய சட்டத்தைக் கொண்டே ‘மெகாஅப்லோட்’ என்னும் பெருந்தளத்தை அமெரிக்க அரசாங்கம் மூடியதையும் எடுத்துக்காட்டினோம். குற்றமற்றோர் அதில் வைத்திருந்த கோப்புக்களும் உடன் போயின என்பதை அவர் கேளாமலே ஒப்புக்கொண்டோம். “முகவரி நாளுக்கு நாள் மாறுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்றார். அதற்கு முழு விடை எம்மிடம் இல்லை. சோப்பாவை அந்நாளில் முன்னின்று எதிர்த்தோருள் ஒருவராகிய ஜோ லாஃப்கிரென் அம்மையார்க்கும் இக்கேள்வி உறுத்தியிருத்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், நீதிமன்ற ஆணைவழி வெளிநாட்டுக் களவுத்தளங்களை அடைக்கும் மசோதா ஒன்றை அவரே கொணர்ந்தார். அம்மையாரைப் பின்பற்ற யாம் இன்னும் துணிந்திலேம்.

அன்றிரவு எங்கள் வாதம் முடிவுபெறவில்லை. அவர்தம் தமையனார் உழைத்த படத்தை எங்கே பார்த்தீர்கள் என்று தோழர் வினவியபோது மட்டும், அறையிலிருந்த எழுவருள் நால்வர் பேசாதிருந்தோம்.