இறுகிய எஞ்சின் கூறும் சான்று

மேடுபள்ளமான மண்பாதையில் ஓட்டப்பெறும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சீஸ் ஆகி இறுகிவிட்டால், உடனே சுத்தியலைத் தேடுவோர் பலர். பழைய பிஸ்டனை எறிந்து புதியது பொருத்தியதும் வேலை முடிந்ததென்பர். அது தவறென்பது எமது துணிபு.

இவ்வகை எஞ்சினில், பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனின் உராய்வைத் தணிப்பது. எண்ணெய் குறையினும், காற்றுக் கசிவினால் எரிபொருட் கலவை மெலியினும், வெப்பம் மிகும். பிஸ்டன் சிலிண்டரினும் மிகுதியாய்ச் சூடேறி விரிந்து அதனைக் கவ்விக்கொள்ளும்.

ஆதலின், ஸ்பார்க் பிளக் துவாரத்தில் எண்ணெய் வார்த்து, ஓரிரவு பொறுத்து, மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன்மேல் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுக. வெளிவந்த பிஸ்டனை ஊன்றி நோக்குக. கீறல்கள் புகை வெளியேறும் பக்கத்தில் மிக்கிருப்பின், பெரும்பாலும் மெலிந்த கலவையோ மிகுவெப்பமோ காரணம். நான்கு மூலைகளிலும் இருப்பின், எஞ்சின் சூடேறுமுன் விரட்டியமை. சுற்றெங்கும் பரவியிருப்பின், எண்ணெய்க் குறைவு.

காரணத்தைக் களையாவிடின் புதிய பிஸ்டனும் அக்கதியே அடையும். ஓட்டத்தின் நடுவே மீண்டும் இறுகின், பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, ஓட்டுபவன் வீழ்வான். பொறியைப் பிரித்தல் கைத்தொழில் மட்டுமன்று. காரணத்தை ஆராயும் கல்வியுமாம்.