ஒரே சொல், இரண்டு துளைகள்

விழித்திரை விலகலுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் 'திரை ஒட்டிவிட்டது' என்று மருத்துவர் கூறியதும் நோயாளியின் குடும்பம் நிம்மதியடைகிறது. அந்த நிம்மதி நியாயமானதே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நோய் பெரும்பாலும் பார்வையிழப்பிலேயே முடிந்தது. திரையில் விழும் கிழிசலே விலகலுக்குக் காரணம், அதை அடைத்தால் திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனன் நிறுவிய பிறகே நிலைமை மாறியது.

ஆயினும், ஒட்டிய திரையின் மையத்தில் வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு ஆண்டுகளோ கழித்துப் புதிய துளை ஒன்று தோன்றுவதுண்டு. நூற்றில் ஓரிருவருக்கு நேரக்கூடிய அரிய சிக்கல் இது. திரையின் மேல் படரும் மெல்லிய சவ்வு சுருங்கி இழுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். படிப்பதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் உதவும் மாக்குலாவில் இத்துளை விழுகிறது.

இவ்விடத்தில் மொழி குறுக்கே நிற்கிறது. விலகலை உண்டாக்கிய ஓரத்துக் கிழிசலும், பின்னர் மையத்தில் விழும் துளையும் தமிழ்ப் பேச்சில் 'ஓட்டை', இந்தியில் 'சேத்'. ஒரே சொல்லைக் கேட்கும் நோயாளி, பழைய ஓட்டை சரியாக அடைபடவில்லை என்றோ, அறுவையின்போது குத்திவிட்டார்கள் என்றோ முடிவு செய்கிறார். மறுபுறம், நோயாளி சொல்லும் 'மங்கல்' என்ற சொல்லும் போதாது. கண்புரையும் மங்கல்தான், ஆறிவரும் கண்ணும் மங்கல்தான். கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறதா, சொல்லின் நடுவெழுத்து மறைகிறதா என்று கேட்டால்தான் மாக்குலாவின் குறை வெளிப்படும். நலமான மறுகண் இக்குறையை எளிதில் மறைத்துவிடும்.

நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அரிய சிக்கல்களை எல்லாம் விளக்க நேரமில்லை, விளக்கினால் வீண் அச்சமே மிஞ்சும் என்று மருத்துவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால், இங்கே தேவைப்படுவது சிக்கல்களின் பட்டியல் அன்று. கோனனின் மாணவரான மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தாள் ஒன்றும், அதன்கீழ் நோயாளியின் மொழியில் இரண்டு வாக்கியங்களுமே போதும்: 'ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பாருங்கள். கோடுகள் நெளிந்தாலோ மறைந்தாலோ உடனே வாருங்கள்.'

மாக்குலாத் துளையை அறுவையால் மூட இயலும் என்று நீல் கெல்லியும் ராபர்ட் வெண்டலும் 1991இல் காட்டினர். இன்று பெரும்பாலான துளைகளை மூட முடிகிறது. எனினும், துளை சிறிதாகவும் புதிதாகவும் இருக்கும்போதே பார்வை நன்கு மீள்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படும் விடுவிப்புச் சீட்டு, அந்தக் காலத்தை வீணாக்குகிறது. திரை ஒட்டியதைச் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ளலாம். ஆனால், நோயாளி எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர் மொழியில் சொல்லி அனுப்பும்போதே அச்சிகிச்சை நிறைவுறுகிறது.